மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குக் கடும் மருந்து ஒவ்வாமை: சந்தேகம் வந்த நொடியிலிருந்து செய்ய வேண்டியவை

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்காகவும், அவர்களோடு நிற்கும் செவிலியர்கள், டெக்னீஷியன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அனாபிலாக்சிஸுக்கு, அதாவது உயிரைப் பறிக்கக்கூடிய கடும் ஒவ்வாமைக்கு, மருந்து அட்ரினலின் என்று தெரியாத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் நேரம் வரும்போது இரண்டு இடத்தில் கை நின்றுவிடுகிறது. இது அதுதானா என்று முடிவெடுக்கும் இடம் ஒன்று. முடிவெடுத்த பிறகு எத்தனை மி.லி. தள்ளுவது என்ற இடம் இன்னொன்று. அவை இரண்டையும் விரிவாக எழுதியிருக்கிறேன். அளவுகள் பெரியவர்களுக்கானவை, குழந்தைகளுக்கு மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. முதல் நோயாளி உள்ளே வரும் முன்பு

தியேட்டருக்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்தில், இவை இருக்க வேண்டும்: 1 மி.கி. அட்ரினலின் ஆம்பூல்கள் குறைந்தது ஆறு, 10 மி.லி. சிரிஞ்சுகள், அவற்றுக்கு ஒட்டும் லேபிள்கள், சலைன், ஒரு லிட்டர் திரவப் பைகள் மூன்று, பிரஷர் பேக் (திரவப் பையை அழுத்தி வேகமாக ஏற்றும் உறை), ஒரு இன்ஃப்யூஷன் பம்ப். இத்துடன் படிகள் அச்சிட்ட ஓர் அட்டை. ஆறு ஆம்பூல் அதிகம் என்று தோன்றலாம். தொடர் செலுத்துதல் ஒன்றை ஆரம்பித்தாலே மூன்று போய்விடும்.

கரைசல் தயாரிப்பதை அமைதியான நேரத்தில் கையால் செய்து பழகுங்கள். ஒரு ஆம்பூலில் 1 மி.லி.க்குள் 1 மி.கி., அதாவது 1000 மைக்ரோகிராம் இருக்கிறது. அதை 10 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, 9 மி.லி. சலைன் சேர்த்தால் ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். இதிலிருந்து 1 மி.லி. மட்டும் வேறு சிரிஞ்சில் எடுத்து, மறுபடி 9 மி.லி. சலைன் சேர்த்தால் ஒரு மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். சிரிஞ்ச் நிரம்பியதும் லேபிள். அதில் மருந்தின் பெயர் மட்டும் போதாது, ஒரு மி.லி.யில் எத்தனை மைக்ரோகிராம் என்பதும் வேண்டும். இரண்டு சிரிஞ்சும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாறிப்போனால் பத்து மடங்கு பிசகு.

நோயாளியிடம் "ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகராதீர்கள். எந்த மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்று கேளுங்கள். வயிற்றைப் புரட்டியதையும் அலர்ஜி என்பார்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பற்றியும் கேட்க வேண்டும். அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஆபரேஷனுக்கு முன் தோலைத் துடைத்தபோதோ, சிறுநீர்க்குழாய் போட்டபோதோ, வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்தியபோதோ அரிப்பு, தடிப்பு வந்ததா என்று கேளுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கை முடிந்தவரை மயக்கம் தொடங்குவதற்குச் சில நிமிடம் முன்பே, மானிட்டர் மாட்டிய பிறகு கொடுங்கள். விழித்திருப்பவர் "உடம்பெல்லாம் அரிக்குது, என்னமோ பண்ணுது" என்று சொல்வார். தூங்குபவர் சொல்ல மாட்டார். அதோடு, எல்லா மருந்தும் ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே போயிருந்தால் எது காரணம் என்று பிறகு பிரித்தறிவது பெரும்பாடு.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கொஞ்சம் மருந்தை 'டெஸ்ட் டோஸ்' என்று கொடுத்து, ஒன்றும் ஆகவில்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமே முழு அனாபிலாக்சிஸைக் கொண்டுவரும். கொஞ்சத்துக்கு ஒன்றும் ஆகாதவருக்கு முழு அளவில் வரலாம்.

2. அடையாளம் காண்பது: தோலுக்காகக் காத்திருக்காதீர்கள்

படித்த படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது: உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், இழுப்பு. தியேட்டரில் அப்படி வருவது குறைவு. நோயாளி துணிக்குள் மூடப்பட்டிருக்கிறார். அதைவிட முக்கியமாக, ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருக்கும்போது தோலுக்கு ரத்தமே போவதில்லை, பிறகு எப்படிச் சிவக்கும்? அட்ரினலின் கொடுத்து அழுத்தம் ஏறிய பிறகு தடிப்பு பொங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து நிலைமை மோசமாகிவிட்டது என்று பதற வேண்டாம். தோலுக்கு ரத்தம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

2018ல் வெளியான பிரிட்டனின் ஆறாவது தேசியத் தணிக்கை ஆய்வு, மயக்க மருந்து கொடுக்கும்போது கடும் ஒவ்வாமை வந்த 266 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முதல் அறிகுறி ரத்த அழுத்தம் சரிந்ததுதான். ஏறக்குறைய பத்தாயிரம் மயக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இது வருகிறது. அதாவது ஒருவர் தன் பணிக்காலத்தில் சில முறைதான் சந்திப்பார். பழக்கத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருக்க முடியாது.

எனவே இவற்றைப் பாருங்கள்:

மருந்து கொடுத்த சில நிமிடத்தில், அந்த மருந்தின் இயல்புக்கு மீறி பி.பி. விழுவது. பி.பி.யை ஏற்ற வழக்கமாகக் கொடுக்கும் எபெட்ரினுக்கோ ஃபினைலெஃப்ரினுக்கோ அது அசையாமல் இருப்பது.

கேப்னோகிராஃபில், அதாவது வெளிவிடும் மூச்சை அளக்கும் மானிட்டரில், கார்பன் டை ஆக்சைடு அளவு சட்டென்று இறங்குவது. இதயம் ரத்தத்தைத் தள்ளினால்தான் நுரையீரலுக்குக் கார்பன் டை ஆக்சைடு வந்து சேரும்; தள்ள ரத்தமில்லாதபோது எண் சரிகிறது. பி.பி. கஃப் ஒரு சுற்று முடிப்பதற்குள் இந்த எண் உங்களுக்குச் சொல்லிவிடும்.

காற்றுப்பையை அழுத்தக் கடினமாவது, வென்டிலேட்டர் அழுத்தம் ஏறுவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது.

இதயத்துடிப்பு பெரும்பாலும் கூடும். ஆனால் குறைந்தாலும் அனாபிலாக்சிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நான் அதிகம் பார்த்த தடுமாற்றம் இதுதான்: கஃப் அளவு காட்டாது, மறுபடி அழுத்துவார்கள், மறுபடி காட்டாது, ஒயர் சரியில்லை என்று கஃபை மாற்றுவார்கள். அதற்குள் மூன்று நிமிடம். மெஷின் அளவு காட்டவில்லை என்றால் உடனே கழுத்தில் விரல் வையுங்கள். நாடி இல்லை அல்லது நூலாக இருக்கிறது என்றால் பழுது மெஷினில் இல்லை.

வேறு காரணங்களையும் மனதில் ஓட்ட வேண்டும்: மூச்சு டியூப் உணவுக்குழாயில் இருப்பது, மடங்கியிருப்பது, ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கியிருப்பது, நெஞ்சுக்குள் காற்று அடைப்பு, மறைவான ரத்தப்போக்கு, முதுகுத்தண்டு மயக்கம் மேலே ஏறியது, நுரையீரலில் ரத்தக்கட்டி. இவற்றைத் தேடிக்கொண்டே அட்ரினலினைத் தொடங்கலாம். தேடி முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. காரணம் புரியாமல் விழும் ரத்த அழுத்தத்துக்கு, மானிட்டரில் இருக்கும் நோயாளிக்கு, சிறு அளவு அட்ரினலின் கொடுத்ததால் வரும் தீங்கு பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். கொடுக்காமல் விட்டதால் வரும் தீங்கு அப்படி அடங்காது.

3. வாய்விட்டுச் சொல்வது, காரணத்தை நிறுத்துவது

"இது அனாபிலாக்சிஸ் என்று நினைக்கிறேன், உதவி வேண்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். மனதுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னவுடன் அறுவை மருத்துவர் கையை நிறுத்துவார், ஒருவர் திரவப் பையைத் தொங்கவிடுவார், ஒருவர் அட்டையை எடுத்துப் படிப்பார். நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

உள்ளே போய்க்கொண்டிருக்கும் சந்தேக மருந்தை நிறுத்துங்கள். ஆன்டிபயாட்டிக்குகள், தசைத் தளர்த்திகள், குளோர்ஹெக்சிடின், நிணநீர் முடிச்சைத் தேடச் செலுத்தும் நீலச் சாயம் ஆகியவைதான் முன்வரிசையில் இருப்பவை. ஜெலட்டின் கலந்த திரவம், லேடெக்ஸ் கையுறை, தசைத் தளர்ச்சியை முறிக்கும் சுகமடெக்ஸ் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

குளோர்ஹெக்சிடினை எல்லோரும் மறக்கிறார்கள், ஏனென்றால் அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. தோலைத் துடைத்த திரவத்திலும், சிறுநீர்க்குழாய் ஜெல்லிலும், சில மத்திய ரத்தநாளக் குழாய்களின் பூச்சிலும் அது இருக்கிறது. பி.பி. விழுகிறதே என்று அவசரமாக மத்தியக் குழாய் போட்டு, அதன் பூச்சிலிருந்தே மேலும் ஒவ்வாமையை ஊட்டுவது நடக்கக்கூடியதுதான். அப்படிப்பட்ட குழாய் போட்டபின் நிலைமை மோசமானால் அதை எடுத்துவிடுங்கள்.

ஆக்சிஜனை நூறு சதவீதமாக்குங்கள். மயக்க வாயுவைக் குறைத்துவிடுங்கள், அடியோடு மூடிவிட வேண்டாம். நோயாளி விழித்துக்கொள்ளக் கூடாது. கால்களை உயர்த்துங்கள். கர்ப்பிணியாக இருந்தால் கருப்பையை இடது பக்கம் தள்ளிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பெரிய ரத்தநாளம் நசுங்கி, நீங்கள் ஏற்றும் திரவம் இதயத்துக்குத் திரும்பாது.

4. அட்ரினலின்: எவ்வளவு, எப்படி, எத்தனை முறை

மயக்கவியலில் பயிற்சி இருந்து, மானிட்டரும் ஐ.வி. வழியும் இருந்தால் ரத்தநாளம் வழியாகவே கொடுங்கள்.

பி.பி. ஓரளவு குறைந்திருக்கிறது, நாடி நன்றாகக் கிடைக்கிறது என்றால் 10 முதல் 20 மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் கரைசலில் 1 முதல் 2 மி.லி.

உயிருக்கு ஆபத்தான சரிவு அல்லது கடும் மூச்சுக்குழல் சுருக்கம் என்றால் 50 மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் கரைசலில் 5 மி.லி., அல்லது 100 மைக்ரோகிராம் கரைசலில் அரை மி.லி. அது போதவில்லை என்றால் அடுத்த முறை 100, தேவைப்பட்டால் 200 என்று கூட்டுங்கள்.

இதயம் நின்றுவிட்டால் 1 மி.கி. இந்த அளவு அந்த ஒரு நிலைக்கு மட்டுமே. பதற்றத்தில், நாடி இருக்கும் நோயாளிக்கு முழு ஆம்பூலையும் ஐ.வி.யில் தள்ளிவிடுவதுதான் இந்தச் சிகிச்சையிலேயே மிக ஆபத்தான தவறு. இதயத் தாளம் கெட்டு, பி.பி. கட்டுக்கடங்காமல் ஏறும்.

குழந்தைகளுக்கு ஐ.வி.யில் எடையின் ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம்.

ஐ.வி. வழி இல்லை, அல்லது ஐ.வி. அட்ரினலின் பழக்கமில்லை என்றால் தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள், 500 மைக்ரோகிராம். கரைக்காத ஆம்பூலில் அரை மி.லி. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், 500க்கு மேல் போகக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி. மேல்கையைவிடத் தொடையில் மருந்து வேகமாக ரத்தத்தில் சேர்கிறது.

ஐ.வி. அளவை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். மூன்று முறை கொடுத்தும் நிலைக்கவில்லை என்றால் தொடர் செலுத்துதலுக்கு மாறுங்கள். 3 மி.கி.யை 50 மி.லி. சலைனில் கலந்தால் கணக்கு எளிது: மணிக்கு 1 மி.லி. ஓடினால் நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம். மணிக்கு 3 மி.லி.யில் ஆரம்பித்து பி.பி.யைப் பார்த்து ஏற்றுங்கள். பம்பைச் சரிசெய்யும் இடைவெளியில் சிறு அளவுகளை நிறுத்திவிடாதீர்கள்.

ஏன் அட்ரினலினையே பிடித்துக்கொள்கிறோம்? ஃபினைலெஃப்ரின் நாளங்களைச் சுருக்கும், அதோடு சரி. அட்ரினலின் நாளத்தைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்தி, மூச்சுக்குழலைத் திறந்து, ஒவ்வாமைப் பொருளைக் கொட்டிக்கொண்டிருக்கும் மாஸ்ட் செல்களையும் அடக்குகிறது. மற்ற மருந்துகள் விளைவைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும்போது, ஊற்று பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும்.

5. திரவம்: நினைப்பதைவிட அதிகம்

முதல் அட்ரினலினோடு சேர்ந்தே திரவமும் ஓட வேண்டும். நாளங்கள் விரிவது மட்டுமல்ல, அவற்றின் சுவர் ஒழுகவும் செய்கிறது. பத்து நிமிடத்துக்குள் ரத்தநாளத்தில் உள்ள திரவத்தில் 35 சதவீதம்வரை திசுவுக்குள் போய்விடக்கூடும். காலியான குழாயை அட்ரினலின் எவ்வளவு சுருக்கினாலும் ஓட்டம் வராது.

கிலோவுக்கு 20 மி.லி. என்ற அளவில், சலைனோ அதுபோன்ற உப்புக் கரைசலோ, பிரஷர் பேக்கில் வேகமாக ஏற்றுங்கள். பார்த்து மறுபடி ஏற்றுங்கள். 60 கிலோ நோயாளிக்கு இரண்டு மூன்று லிட்டர் போவது சாதாரணம். ஒரு பை முடிந்ததும் "நிறையப் போய்விட்டதே" என்று தயங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெரிய ஊசியாக இரண்டாவது வழி ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஜெலட்டின் திரவம் வேண்டாம், அதுவே ஒவ்வாமைக்குக் காரணமாகலாம்.

6. பி.பி.யின் மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) 50க்குக் கீழே போனால்

நாடி விரலில் பட்டுக்கொண்டு இருந்தாலும், பெரியவர்களுக்கு மேல் அழுத்தம் 50க்குக் கீழே விழுந்தால் நெஞ்சழுத்தத்தை (சி.பி.ஆர்.) தொடங்குங்கள். அந்த அழுத்தத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் போதிய ரத்தம் போவதில்லை. நீங்கள் கொடுத்த அட்ரினலின்கூட கையின் நாளத்திலேயே தங்கிவிடும். அதை இதயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்த நெஞ்சழுத்தங்கள்தான். ஈ.சி.ஜி.யில் அலை அழகாக ஓடுகிறதே என்று பலர் கையை வைக்கத் தயங்குவார்கள். அலை என்பது மின்சாரம் மட்டுமே, அதில் ரத்த ஓட்டம் தெரியாது. இதை அறையில் உள்ள எல்லோரும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வாக்குவாதம் நடக்கும்.

7. மூச்சுவழி

டியூப் இல்லாத நோயாளிக்கு நாக்கோ தொண்டையோ வீங்கத் தொடங்கினால் சீக்கிரமே டியூப் போடுங்கள். வீக்கம் ஏறியபிறகு வழி தெரியாது. டியூப் ஏற்கெனவே இருந்தால் கேப்னோகிராஃப் அலை வருகிறதா, இரண்டு பக்கமும் காற்றுப் போகிறதா என்று ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

இழுப்பு நீடித்தால் அட்ரினலின்தான் முதல். அதற்கு மேல் சால்பூட்டமாலை மூச்சுக்குழாய் இணைப்பு வழியாகக் கொடுக்கலாம். மக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம், 20 நிமிடத்தில் மெதுவாக. வேகமாகப் போனால் பி.பி. இன்னும் விழும்.

8. பத்து நிமிடமாகியும் தேறவில்லை

நின்று யோசியுங்கள். காரணப் பொருள் இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? திரவம் போதுமா? நான் நினைத்தது தவறா? முடிந்தால் இதயத்தை எக்கோவில் பாருங்கள். இதயம் காலியாகத் துடிக்கிறதா, சுருங்க முடியாமல் திணறுகிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும்.

அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நார்அட்ரினலினைச் சேர்க்கலாம். வாசோபிரசின் 1 முதல் 2 யூனிட் கொடுத்துவிட்டு, மணிக்கு 2 யூனிட் என ஓட்டலாம். பீட்டா பிளாக்கர் சாப்பிடும் நோயாளியிடம் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் அது பிடிக்க வேண்டிய இடத்தை அந்த மாத்திரை அடைத்திருக்கிறது. அவர்களுக்கு குளுக்ககான் 1 முதல் 2 மி.கி., மெதுவாக ஐ.வி.யில். அது வேறு வழியாக இதயத்தைத் தூண்டும். வாந்தி வரவைக்கும் மருந்து என்பதால் மூச்சுவழியைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

9. ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும்

முதல் பத்து நிமிடத்தில் இவற்றுக்கு இடமில்லை. இரண்டுமே சரிந்த பி.பி.யைத் தூக்காது. ஹைட்ரோகார்ட்டிசோனைத் தேடி ஒருவர் அலமாரிக்கு ஓடினால் அட்ரினலின் கலக்க ஒரு கை குறையும். எல்லாம் அடங்கிய பிறகு, அரிப்புத் தடிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் கொடுக்கலாம். புரோமெதசினை ஐ.வி.யில் கொடுக்க வேண்டாம், பி.பி.யைக் கீழே இழுக்கும்.

10. ரத்த மாதிரி

மாஸ்ட் செல் உடைந்ததன் தடயம் டிரிப்டேஸ் என்ற நொதி. நோயாளி நிலைத்தவுடன் முதல் மாதிரி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டாவது, முடியாவிட்டால் அதிகபட்சம் நான்கு மணி நேரத்துக்குள். குறைந்தது 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. அதுதான் அவருடைய இயல்பு அளவு. இந்தக் கடைசி மாதிரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் முதல் இரண்டையும் ஒப்பிட முடியாது. இயல்பு அளவை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். நெருக்கடி நேர அளவு அதைத் தாண்டியிருந்தால் மாஸ்ட் செல்கள் உடைந்தது உறுதி. தாண்டவில்லை என்பதற்காக அனாபிலாக்சிஸ் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு குழாயிலும் எடுத்த நேரம் இருக்கட்டும்.

11. ஆபரேஷனைத் தொடரலாமா?

தோல் அறிகுறியோடு நின்றிருந்தால், அல்லது லேசாக வந்து சீக்கிரம் அடங்கியிருந்தால், அறுவை மருத்துவரோடு பேசித் தொடரலாம். உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் போனவர் என்றால், உயிர்காக்கும் ஆபரேஷனைத் தவிர மற்றதை ஒத்திவையுங்கள். அவர் ஐ.சி.யூ.வுக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடி வரலாம், தொண்டை வீக்கமும் தாமதமாக வரலாம். டியூப் எடுக்கும் முன் அதன் பலூனை இறக்கி, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். கசியவில்லை என்றால் வீக்கம் இருக்கிறது, காத்திருங்கள்.

12. எழுதி வைப்பதும் நோயாளிக்குக் கொடுக்கும் கடிதமும்

அன்றே, நினைவு கலையும் முன், அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நோயாளியைத் தொட்ட ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். மருந்துகள் மட்டுமல்ல; துடைத்த திரவம், ஜெல், சாயம், எலும்புச் சிமென்ட், கையுறை, ஏற்றிய ரத்தம் எல்லாம். பிறகு சோதிப்பவர் இந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் சோதிக்க முடியும்.

காரணம் இன்னதுதான் என்று ஊகித்து முத்திரை குத்தாதீர்கள். ஊகம் தவறாகப் போனால் உண்மையான காரணம் அடுத்த முறை மறுபடி உள்ளே போகும். ஒவ்வாமை நிபுணரிடம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து அனுப்புங்கள். உடனே சோதித்தால் மாஸ்ட் செல்கள் தீர்ந்துபோயிருப்பதால், இருக்கும் ஒவ்வாமையும் இல்லை என்று வரலாம்.

சோதனைக்கு முன்பே அவசர ஆபரேஷன் வந்தால், பட்டியலில் உள்ள மருந்துகள் அத்தனையையும் தவிருங்கள், குளோர்ஹெக்சிடின், லேடெக்ஸ் உட்பட. மயக்க வாயுக்கள் இந்த வகை ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை, அதனால் அவற்றை நம்பலாம்.

கடைசியாகக் கடிதம். நோயாளி முழுதாக விழித்து, வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடந்தது, எந்தெந்தப் பொருள்கள் சந்தேகத்தில் இருக்கின்றன, சோதனைக்கு எப்போது போக வேண்டும் என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதி, மயக்க மருந்துக் குறிப்பின் நகலோடு கொடுங்கள். தாள் தொலைந்துவிடும் என்பதால் அங்கேயே போனில் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வீட்டார் ஒருவரின் போனிலும் ஒன்று.